ஞாயிற்றுக்கிழமைச் சம்மந்திக்கு

சம்மந்தி,

போன ஞாயிற்றுக்கிழமை காலை புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, வாயில் கிராம்பு. ஒன்றை மென்று முடித்ததும் சட்டைப் பையிலிருந்து இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் முகம் வந்துவிட்டது.

"பல்லு வலியா?" என்று கேட்டேன்.

"ஆமா பெரியவரே. ரெண்டு நாளா உயிரு போவுது."

"எந்தப் பல்லு?"

நாக்கால் துழாவிப் பார்த்தார். முதலில் இடது பக்கம் கையை வைத்தார், பிறகு வலது பக்கம் மாற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கே குடி வாடையை மறைக்கக் கிராம்பு மெல்லுகிற ஆளுக்கு எந்தப் பல்லும் வலிப்பதில்லை. எத்தனை வருடம் நீங்கள் அதே பொய்யை அதே கிராம்போடு மென்றிருக்கிறீர்கள்! அவரிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கே போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும். நாமும் திரும்பினவர்கள்தானே.

அன்றிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போல இருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது, இரண்டையும் பேசத் தெரிந்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை நாம் கூடுகிற ரூமில் ஜன்னலோரம் உட்காருவாரே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், அவர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். "பெரியவரே, நல்ல தமிழா மாத்தி எழுதட்டுமா?" என்று கேட்டார். எழுதுங்கள், ஆனால் ஆட்கள் பேசினதைப் பேசினபடி விட்டுவிடுங்கள் என்றேன். உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

என் மகள் மல்லிகாவை உங்கள் மகனுக்குக் கொடுத்த வருடம் நாம் இருவரும் ஒரே பாட்டிலில் குடித்துத்தான் சம்பந்தம் பேசி முடித்தோம். நான் நகரிப் பக்கம், நீங்கள் சத்தியவேட்டுப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்களும் உங்கள் ஊர்க்காரர்களும் நம்மைப் பார்த்து, சம்மந்திகள் என்றால் இப்படி ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒற்றுமைதான். கரும்பு வெட்டு முடிந்தால் நான் உங்கள் ஊருக்கு வருவேன், மாங்காய் லாரி ஏற்றி முடித்தால் நீங்கள் எங்கள் ஊருக்கு வருவீர்கள். இரண்டு ஊரிலும் கடைக்காரன் நம் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்து வைப்பான்.

அந்த ஒற்றுமை பேரனின் முதல் மொட்டையன்று முடிந்தது. உங்கள் குலதெய்வக் கோயிலில் ஆடு வெட்டி விருந்து. இருநூறு பேருக்குச் சோறு வடித்துப் பாயில் கொட்டி ஆறப் போட்டிருந்தார்கள். வழக்கப்படி நான் உங்களுக்கு வேட்டியும் துண்டும் எடுத்து வந்திருந்தேன். பத்து மணிக்கே நாம் இருவரும் குடித்து நிறைந்திருந்தோம். நீங்கள் துண்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இன்னா சம்மந்தி, கொசு வல எடுத்தாந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். உங்கள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். நீங்கள் மல்லாந்து சோற்றில் விழுந்தீர்கள். ஆவி பறக்கிற சோறு. முதுகெல்லாம் வெந்துபோய் நீங்கள் கத்தின கத்தலில் மொட்டை போட்டிருந்த குழந்தை வீறிட்டது. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தீர்கள். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தது என்பது எனக்கு முழுதாக நினைவில்லை. எதையும் மறக்காதவன் என்று பெயரெடுத்த எனக்கு, அந்தக் கால் மணி நேரம் மட்டும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வெறும் இலையை மடித்துவிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறது. கூட்டம் நெரிகிற கோயில் திருவிழாவில்கூட யாரும் பட்டினியாகப் போனதில்லை அந்த ஊரில்.

மல்லிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நம் இருவருக்கும் நடுவில் நின்றாள். அழவில்லை.

"நைனா, இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காத. குடிக்காம வர்ற அன்னிக்கி வா." பிறகு உங்கள் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க ஊடு, உங்கள வராதீங்கன்னு சொல்ல முடியாது. ஆனா புள்ளய தூக்கணும்னா வாய மோந்து பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

சொன்னபடி செய்தாள். என் பெண்டாட்டி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சேதி சொல்வாள். "உன் சம்மந்திக்கும் அதே கதிதான். புள்ளயாண்ட வந்தாருன்னா ஊதுங்க மாமான்றா. லவங்க வாசன வந்துச்சின்னா அவ்ளோதான், கதவ சாத்திடறா." அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், சம்மந்தி. எனக்குக் கிடைக்காத பேரன் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற உங்களுக்கும் கிடைக்கவில்லை என்று அன்றைக்கு இன்னொரு குவாட்டர் கூடக் குடித்தேன்.

குடிக்காமல் வருகிற அன்றைக்கு வா என்றாள். அந்த நாள்தான் வரவே இல்லை. காலையில் வேண்டாம் என்று எழுவேன், கை நடுங்கும், பதினோரு மணிக்குக் கடை வாசலில் இருப்பேன். ஐயப்பனுக்கு மாலை போட்டேன். நாற்பத்தொரு நாள் வாயில் படவில்லை. மலையிலிருந்து கீழே இறங்கி வந்து மாலையைக் கழற்றின அன்றைக்கே எருமேலிக் கடையிலேயே ஆரம்பித்தேன். பிறகு அம்மனுக்குச் சிவப்பு கட்டினேன், ஆடிக் கிருத்திகைக்கு முருகனுக்குக் காவி கட்டினேன். வருடம் முழுக்க ஏதாவது ஒரு மாலை கழுத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. என் பெண்டாட்டி கேட்டாள், "எல்லா சாமியும் தீந்துட்டா இன்னா பண்ணுவ?"

பேரனுக்கு வருகிற வைகாசியில் காது குத்து என்று சேதி வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும் என்பதால் மல்லிகா என் மகன் சேகரை அழைத்தாள். என்னை அழைக்கவில்லை. "நைனாவுக்கு சொன்னதுதான், மாத்திக்கல" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அது ஆவணி மாதம். எனக்கு ஒன்பது மாதம் இருந்தது.

கை நடுக்கத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அம்மா என் கண்ணின் மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சொன்னார், திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மீட்டிங் நடக்கிறது, குடித்தவர்களே கூடி உட்கார்ந்து பேசிக் குடியை விடுகிறார்கள், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் என்று. போனேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கி மீட்டிங் எங்கே என்று மட்டும் கேட்டேன். எதற்கான மீட்டிங் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். தலை நரைத்தவன், பேரன் எடுத்தவன், எனக்குக் குடியை விடத் தெரியவில்லை என்று நடுத்தெருவில் நின்று எப்படிச் சொல்வது?

ஒரு ஆட்டோக்காரர், "மீட்டிங்குக்கா? ஏறு பெரியவரே, நம்ம வண்டிதான், துட்டு வேணாம்" என்று ஏற்றிக்கொண்டு போனார். பெரிய பந்தல். கழுத்தில் ஒரு துண்டு போட்டார்கள். மேடையில் யார் யாரோ பேசினார்கள். குடியைப் பற்றி எப்போது வருவார்கள் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். எல்லோரும் கை தட்டினபோது நானும் தட்டினேன். கடைசியில் பிரியாணிப் பொட்டலமும் அதன் மேல் ஒரு குவாட்டரும் வைத்துக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு கட்சிக் கூட்டம். விடப் போனவன் குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் துண்டைப் பார்த்துவிட்டு, "வுடுங்க, அடுத்த எலெக்ஷன்ல பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, ஸ்டேஷன் எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "யம்மா, குடிய வுடறவங்க கூடற எடம் எங்க கீது?"

"சத்தமா கேளு பெரியவரே. திருட்டு சாமானா கேக்கற? அதோ, அந்த இஸ்கூலு பின்பக்க கேட்டு. எம் புருசனும் அங்கதான் குந்தியிருப்பான். போ, டீ குடுப்பாங்க."

பின்பக்கக் கேட்டைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ நடக்கிற ரூம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பதினைந்து பெரிய ஆட்கள் முட்டி மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் மூன்றாவது ஆள் நீங்கள்.

திருப்பதிக்கு ஏன் போனேன்? நமக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது என்றுதான். நீங்களும் அதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தீர்கள். பெஞ்ச் சாய்ந்து மேலே இருந்த டீ கொட்டியது.

"நான் மலைக்கு வந்தேன்" என்றீர்கள்.

"நான் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தேன்" என்றேன்.

ரூமே சிரித்தது. கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர், வெள்ளை மீசை, நமக்கு நடுவில் என்ன பகை என்று தெரியாதவர், வாருங்கள் என்று கை காட்டினார். "ரண்டி, ரண்டி. மலைக்கு வழி இதுதான். கண்ணுக்கு வைத்தியமும் இங்கதான். கூர்ச்சோண்டி."

உட்கார்ந்தோம். நீங்கள் அந்த மூலை, நான் இந்த மூலை. ரயில்வேக்காரர் புதியவர்களுக்காக ஒரு கட்டுப்பாட்டைச் சொன்னார். அவரவர் கதையை அவரவர் எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் இந்த ரூமில் சொன்னதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

அன்றைக்கு உங்கள் முறை முதலில் வந்தது. தெலுங்கில் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்பதை நான் இங்கே எழுதச் சொல்லவில்லை. என் முறை வந்தபோது நான் சொன்னதைச் சொல்லலாம். நான் என் சம்மந்தியைக் கொதிக்கிற சோற்றில் தள்ளினவன், இருநூறு பேரைப் பட்டினியாக அனுப்பினவன், என் மகள் வீட்டு வாசலை மிதிக்க முடியாதவன் என்று சொன்னேன். அந்தச் சம்மந்தி யார் என்று சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை. உங்கள் இரண்டு காது மட்டும் சிவந்துவிட்டது.

முடிந்ததும் வேப்பமரத்தடியில் டீயோடு நின்றோம். நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

"முதுகுல தழும்பு இன்னும் கீது."

"எவ்ளோ பெருசு?"

"ஒரு கைப்புடி சோறு அளவு இருக்கும். ஊட்ல சொல்லாதீங்க சம்மந்தி."

"நீங்களும் சொல்லாதீங்க."

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எத்தனை சாமி மேல் எத்தனை சத்தியம் செய்திருக்கிறோம்! விட்டுவிட்டேன் என்று இன்னொரு முறை சொல்லி இன்னொரு முறை விழுந்தால், அப்புறம் மல்லிகாவின் முகத்தில் விழிக்கவே முடியாது. வைகாசி வரை வாயைக் கட்டுவது என்று முடிவு செய்தோம். அதனால் நாம் ராசியானதையும் சொல்ல முடியாது. ராசியானோம் என்றால் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். ஆக வாரம் ஆறு நாள் பகையாளி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சம்மந்தி.

புத்தூரிலிருந்து ஒரே பஸ்தான். முன் வாசலில் நீங்கள் ஏறுவீர்கள், பின் வாசலில் நான். திருப்பதி வந்து சேரும்வரை ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம். மலைக்குப் போவதாகச் சொல்லியிருந்ததால் நீங்கள் வாராவாரம் வீட்டுக்கு லட்டு கொண்டுபோக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளாகப் பார்த்து, "அம்மா, ஒரு துண்டு பிரசாதம்" என்று கேட்டு வாங்குவீர்கள். மூன்று ஏக்கர் மாந்தோப்புக்காரர். நான் கண்ணாஸ்பத்திரிக்காரன் ஆனதால் சின்ன பாட்டிலில் பன்னீர் வாங்கி வந்து பெண்டாட்டி பார்க்கக் கண்ணில் விட்டுக்கொள்வேன். அவள் உங்களைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து திட்டியாக வேண்டும்.

"இந்த வாரம் என்ன இன்னான்னு திட்டினீங்க?" என்று கேட்பீர்கள்.

"கொஞ்சம் தாராளமாத்தான் திட்டிட்டேன் சம்மந்தி. நீங்க?"

"உங்க பரம்பரையையே இழுத்தேன்."

அந்தச் சங்கராந்தியை நான் மறக்க மாட்டேன். கனுப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம். ஊரே குடித்திருந்தது. என் காலும் கடைப்பக்கம் நடந்துவிட்டது. தெருக்கோடியில் நின்று உங்களுக்குப் போன் போட்டேன். எண்ணைப் படிக்கத் தெரியாதவனுக்கு உங்கள் எண் மட்டும் விரலில் இருந்தது. நீங்கள் எடுத்தீர்கள். பின்னால் உங்கள் வீட்டுக் கூட்டத்தின் சத்தம் கேட்டது. அத்தனை பேர் முன்னால் பகையாளியோடு அன்பாகப் பேச முடியுமா?

"யோவ்! எந்த எடத்துல நிக்கிற?" என்று கத்தினீர்கள்.

"கட எதிர்ல."

"ஒரு அடி முன்ன வச்ச, கால ஒடிச்சி கைல குடுப்பேன்! திரும்பு! திரும்பிட்டியா? ஊட்டுக்குப் போயி ரெண்டு சொம்பு மோர குடிச்சிட்டுப் படு! ஞாயித்துக்கிழம வரிக்கும் என் கண்ணுல படாத! ஞாயித்துக்கிழம வர்றேன், வந்து வச்சிக்கறேன் உன்ன!"

பின்னால் உங்கள் சம்சாரம் கேட்டது என் காதில் விழுந்தது. "யாரு, நகரியாரா? நல்லா குடுங்க!" என்னை நீங்கள் அதற்கு முன்னும் பின்னும் நீ என்று சொன்னதில்லை. அந்தத் திட்டைக் காதில் வைத்துக்கொண்டே வீடு வரை நடந்தேன். மோர் குடித்தேன். படுத்தேன்.

வைகாசி வந்தது. சேகரோடு நானும் கிளம்பினேன். பெண்டாட்டி வாசலிலேயே தடுத்தாள், "வாணாம்யா, மறுபடியும் அசிங்கம் வாணாம்" என்று. உங்கள் ஊரில் பந்தல் முகப்பில் மல்லிகா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் மற்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவள் பக்கத்தில் வந்து முகத்தை உயர்த்தினாள். நான் குனிந்தேன். இரண்டு ஊர் சனமும் பார்க்க, பெற்ற மகள் என் வாயை மோந்து பார்த்தாள். அது எனக்கு அவமானமாக இல்லை, சம்மந்தி. என் ஆயுளில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பரிசோதித்ததில்லை, நான் அவ்வளவு சுத்தமாக நின்றதும் இல்லை. சந்தனத்தை என் கன்னத்தில் தடவினாள்.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். பந்தலுக்குப் பின்னால் டிராக்டர் மறைவில் என் பங்காளிகள் ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா மகன் ஒரு பிளாஸ்டிக் டம்ளரோடு பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டான்.

"அண்ணே, பேரன் காது குத்து. ஒரு வாய்."

"வாணாம்டா."

"இன்னா வாணாம்? சம்மந்திய சோத்துல தள்ளின ஆளு நீ. இப்ப அவங்க ஊட்டு வாசல்ல பூன கணக்கா நிக்கற? பொண்ணு மோந்து பாத்துச்சின்னா பயந்துட்டியா?"

சிரித்தார்கள். டம்ளரை என் கையில் திணித்தான். உண்மையைச் சொல்கிறேன், கை வாங்கிக்கொண்டது. எட்டு மாதம் கழித்து அந்த வாசனை அவ்வளவு பக்கத்தில். கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, விரல் மடங்கியபடியே இருக்கிறது. மல்லிகா பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அப்போதும் விரல் பிரியவில்லை.

பந்தலின் அந்தக் கோடியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். வேகமாக வந்தீர்கள். சண்டைதான் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரோ சோற்றுப் பாயை இழுத்து ஓரத்தில் சேர்த்தார்கள். நீங்கள் என் பக்கத்தில் வந்து, என்னைப் பார்க்காமல், சனத்தைப் பார்த்து நின்றீர்கள். என்னைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அது ரூமின் கட்டுப்பாடு. சொல்லவும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் குடிகாரன்."

"அதான் தெரியுமே மாமா!" என்று ஒரு குரல். சிரிப்பு.

"எட்டு மாசமா குடிக்கல."

சிரிப்பு நின்றது. இந்த வார்த்தையை ரூமில் நீங்கள் எப்போதும் தெலுங்கில்தான் சொல்வீர்கள். அன்றைக்குத் தமிழில், உங்கள் வீட்டுப் பேச்சில், உங்கள் சனத்தின் முன்னால் சொன்னீர்கள்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம மலைக்குப் போறேன்னு சொன்னது பொய்யி. திருப்பதில குடிய வுட்டவங்க கூடற எடம் ஒண்ணு கீது. அங்க போய் குந்தறேன். டீ குடிக்கறேன். என் கதய சொல்றேன். ஊட்டுக்கு வரேன். அவ்ளோதான்."

உங்கள் சம்சாரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்ப அந்த லட்டு?"

"மொட்ட போட்டவங்களாண்ட கேட்டு வாங்கினது."

"அய்யய்யோ, மாடத்துல வச்சி கும்புட்டேனே!"

"லட்டு நெசந்தான்டி. நான்தான் பொய்யி."

அதற்குள் என் விரல் பிரிந்துவிட்டது. டம்ளரைத் தரையில் சாய்த்தேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. "நானும் அங்கதான் குந்தறேன். எனக்கு எட்டு மாசம் ஆவ இன்னும் ஒரு வாரம் கீது" என்றேன். என் பெண்டாட்டி, "கண்ணாஸ்பத்திரி?" என்றாள். "கண்ணு நல்லாத்தான் கீது" என்றேன். பன்னீர் என்று தெரிந்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று தெரியவில்லை. சித்தப்பா மகன் மட்டும் காலி டம்ளரையும் ஈரத் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மல்லிகா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உங்களிடம் வந்தாள். நீங்கள் பழக்கத்தில் ஊதிக் காட்ட வாயைத் திறந்தீர்கள். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. குழந்தையை உங்கள் கையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். நீங்கள் கொஞ்ச நேரம் வைத்திருந்து என்னிடம் கொடுத்தீர்கள். அப்புறம்தான் பேரன் சேகரின் மடிக்குப் போனான். காது குத்தும்போது அவன் அழுததைவிட நாம் இருவரும் அழுததுதான் சத்தம் என்று இன்றைக்கும் உங்கள் ஊரில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அன்றைக்கு இருநூறு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நான் கிணறு வெட்டியிருக்கிறேன், மூன்று பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறேன், கல்லுமேட்டைக் கழனி ஆக்கியிருக்கிறேன். ஆனாலும் பெருமைப்படச் சொன்னால் அந்தப் பந்தலில் உங்கள் பக்கத்தில் நின்றதைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், ஒரே வாசலில் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். புது ஆள் யாராவது கதவருகே தயங்கி நின்றால், "ரண்டி, மலைக்கு வழி இதுதான்" என்று நீங்கள் சொல்லத் தொடங்கியிருந்தீர்கள்.

போன கார்த்திகையில் நீங்கள் போனது மாரடைப்பில். குடியால் இல்லை. டாக்டர் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். உங்கள் மகன் என்னிடம் வந்து, "மாமா, தூக்கறவங்களுக்கு வாங்கி வக்கணுமே, எப்பவும் வழக்கமாச்சே, இன்னா பண்றது?" என்று கேட்டார். எங்கள் அப்பா குடித்துச் செத்தார், தூக்கினவர்களும் குடித்துத்தான் தூக்கினார்கள், வழியில் ஒருமுறை கீழே போட்டார்கள். உங்களுக்கு அப்படி ஆகவில்லை. தெருமுனை வரை பங்காளிகள் தூக்கினார்கள். அதற்கு மேல் தோள் கொடுத்த நான்கு பேரை ஊரில் யாருக்கும் தெரியவில்லை. யார் இவர்கள் என்று கேட்டவர்களுக்குத் திருப்பதிச் சிநேகிதம் என்று மட்டும் சொன்னேன். ஒரு கால் தடுமாறவில்லை, சம்மந்தி. மோர்ப் பானை வைத்திருந்தோம். நேராகக் கொண்டுபோய் வைத்தார்கள்.

பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, மாமா அந்த ரூமுல இன்னாதான் பேசுவாரு?"

"அவரு கதைய பேசுவாரு."

"என்னப் பத்தி எதுனா சொல்லுவாரா? நான் மோந்து பாத்ததுல அவருக்கு வருத்தமா? அதயாவது சொல்லு. அவருதான் இல்லியே இப்ப."

நீங்கள் அவளைப் பற்றிச் சொன்னது எனக்குத் தெரியும். ஒரு முறை இல்லை, பல முறை. சொன்னால் அவள் மனம் குளிர்ந்துவிடும் என்பதும் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

"எம்மா, அத நான் சொல்லக் கூடாது" என்றேன்.

கோபமாக முறைத்தாள். பிறகு எழுந்துபோய்ச் சாதத்தில் மோரை ஊற்றி எடுத்து வந்து, "துன்னு" என்று என் முன்னால் வைத்தாள். தட்டை வைத்த வேகத்தில் கோபம் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை போகாமல் இருந்தாள்.

நீங்கள் ஊரறிய உங்கள் வாயால் சொன்னதையும், நமக்குள் வேப்பமரத்தடியிலும் பஸ்ஸிலும் நடந்ததையும் மட்டும்தான் இதில் எழுதச் சொன்னேன். அந்த ரூமில் பன்னிரண்டு வருடம் நீங்கள் சொன்னது அத்தனையும், எந்த ஞாயிறு, எந்த பெஞ்ச், எந்த இடத்தில் துண்டால் முகம் துடைத்தீர்கள் என்பதோடு, என்னிடம் இருக்கிறது. எழுதத் தெரியாதவன் என்பதால் எங்கும் குறித்து வைக்கவில்லை. யாரும் எடுத்துப் படிக்க முடியாது. பத்திரமாக இருக்கிறது, சம்மந்தி.